மதுரைக்குச் சீட்டு

12-9-63, வியாழன்
புழுக்கம். மழை இல்லை. பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்கு அதுதான் வேண்டும், தீபாவளி சீசன்.

வேலை: கட்டுத்துணி வெட்ட. ஊசிகள் கொதிக்கவைக்க. நூலகப் புத்தகம் திருப்ப (பாதிகூட முடியவில்லை).

எதிரே புது ஆஸ்பத்திரி வந்து மூன்று மாதம். அங்கே எக்ஸ்ரே, ஆளுக்கொரு மின்விசிறி. இங்கே எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பா, நர்ஸ் சரோஜா அக்கா, நான். இன்று பெஞ்சில் நாலே பேர். ஒரு அம்மாள் எழுந்து போகும்போது, "ஊசி போடாத டாக்டருக்கு எதுக்கு அம்புட்டுப் படிப்பு?" அப்பா காதில் விழுந்தது. அடுத்து வந்தவருக்கு வெறும் ஜலதோஷம். ஊசி போட்டார்.

13-9, வெள்ளி
நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. செல்லத்தாயி, இருபத்திரண்டு வயது. மார்பு, வயிறு, இரண்டு கை. முன்பானால் இப்படிக் காயத்தைப் பார்த்ததுமே அப்பா மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிடுவார். இன்றும் பேனாவை எடுத்தார். கம்பெனிக் கணக்கப்பிள்ளை ரொம்பப் பணிவாக, "மதுரைன்னா போலீசு, விசாரணைன்னு இழுக்கும். இங்கன முடியாதுன்னா சொல்லுங்க டாக்டர். எதிர் ஆஸ்பத்திரில பாக்கோம்ங்காக."
அப்பா பேனாவை மூடினார்.

14-9, சனி
குளுக்கோஸ் ஏறுகிறது. சிறுநீர் அளந்து எழுதுவது என் வேலை. காலையில் அரை டம்ளர். மாலையில் அடி நனைகிற அளவு. டிக்காஷன் நிறம். அப்பாவிடம் காட்டினேன். நாளைக்குப் பார்ப்போம் என்றார். இதற்கு அவருடைய வைத்தியப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது (சிறுநீரகம் நிற்கிறது) என்று இரண்டு பேருக்கும் தெரியும். குழம்பில் உப்பில்லை, ஒருவரும் சொல்லவில்லை.
செல்லத்தாயிக்கு வலியே இல்லையாம். "தீவாளிக்கு மொத வெடி நாந்தேன் போட்டேன்க்கா" என்று சிரிக்கிறாள். சரோஜா அக்கா வெளியே போய்விட்டாள்.

15-9, ஞாயிறு
காலையிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. முகம் வீக்கம். என்னை யாரென்று கேட்டாள்.

அவள் புருஷன் மாடசாமி வாசலை மறித்து நின்றான். "தாயீ, நெசத்தைச் சொல்லுங்க. இங்கன பொளைப்பாளா?"

அப்பா பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். அவர் தாளில் நானே எழுதினேன், மதுரைக்கு. அவர் கையெழுத்தையும் போட்டேன்.

வண்டி கம்பெனியிடம்தான் இருக்கிறது. மாடசாமி ஓடிப்போய்க் கூட்டிவந்தான். கணக்கப்பிள்ளையும் இறங்கினார். சீட்டை வாங்கிப் படித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நாலு பேர் தூக்கினார்கள். மாடசாமி குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி என்னைக் கும்பிடப் பார்த்தான். ஒரு கைதான் முடிந்தது.

வண்டி மதுரை ரோட்டுக்குத் திரும்பவில்லை. நேரே எதிர் ஆஸ்பத்திரி வாசலுக்குள் போயிற்று.

அப்பா ஈரத்தலையோடு வந்து, கட்டில் ஏன் காலி என்று கேட்டார்.