ஆறுவதற்குள்

ஜோலின்,

உருளைக்கிழங்குச் சூப் அடுப்பில் இருக்கிறது. பீட்ரூட்டில் ஊறிய முட்டை ஃப்ரிட்ஜில். நான் உன் அத்தையோடு கல்லறைக்குப் போகிறேன்.

தொண்டர் தீயணைப்புப் படையில் இன்று உனக்கு முதல் நாள். நேற்று, "இந்த வீட்லேருந்து ஒரு ஆளத் தீக்குக் குடுத்தது போதும்டி" என்று கத்தினேன். "அப்பாகிட்டயும் இப்படித்தான் கத்துவியாம்மா?" என்றாய். ஒவ்வொரு முறையும் கத்தியிருக்கிறேன். அவர் பூட்ஸுக்குள் காலை விட்டபடியே, "சூப்ப மூடி வை லொரேன், ஆறுறதுக்குள்ள வந்துடுறேன்" என்பார். மரக்கிடங்கு எரிந்த அன்றும் அதையேதான் சொன்னார்.

இன்று காலை தீயணைப்பு நிலையத்தில் சோதனைக்காகச் சங்கு ஊதியதும் என் கை தானாகச் சூப்பை மூடியது. பின்வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவருடைய பழைய பூட்ஸ் வைத்த இடத்திலேயே நின்றது.

அம்மா

மறந்துவிட்டேன். காரைப் பின்னுக்கு எடுத்து, தெருவைப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். அவர் இருந்தவரை அப்படித்தான் நிற்கும். சங்கு ஊதினால் திருப்ப நேரமிருக்காது. சாவி ஆணியில் இருக்கிறது.

கூப்பிட்டால் போ. சூப்பை மூடி வைத்துவிட்டுப் போ. ஆறுவதற்குள் வா.