வாசலில் நின்று கேட்டவர்கள்

இல்லை, அம்மா. அவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நீ டெங்குவில்தான் போனாய் என்று ஆஸ்பத்திரி சொல்கிறது. நம் வீதியில் டெங்குவே இல்லை என்று சுகாதார அதிகாரி சொல்கிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று அவரிடமே கேட்டேன். நீ வேறெங்காவது கடி வாங்கியிருக்கலாமாம். பஸ்ஸில். ஏதாவது கல்யாண மண்டபத்தில்.

எந்தக் கல்யாணம்? மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றினாய். நடந்து வீட்டுக்கு வந்தாய். தூங்கினாய். அவ்வளவுதான் உன் கடைசி மாதம்.

வீதியில் காய்ச்சல் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்டார்களாம்.

கேட்டார்கள். அது பொய்யில்லை. உனக்கு அன்று இரண்டாம் நாள் காய்ச்சல். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனாய். நான் உனக்குப் பின்னால் கஞ்சி டம்ளரோடு நின்றேன். வெளியே அவர்கள் அனுப்பிய சுகாதார ஆய்வாளர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே இருந்தார். வண்டியை அணைக்கவில்லை.

“ஏனுங்க்கா, ஊட்டுல எல்லாரும் நல்லாருக்கீங்களா?”

“நல்லாருக்கறோமுங்க. வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க.”

இன்னொரு நாளைக்கு வாரேனுங்க என்று கிளம்பிவிட்டார். இந்த வீட்டில் காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொண்டு.

நீ பொய் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அது ஒரு பதிலே இல்லை. கும்பிடு போடுகிற மாதிரி ஒன்று. எழவு வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவரை வழியில் நிறுத்தி நலம் கேட்டாலும் நல்லாருக்கேனுங்க என்றுதான் சொல்வார். நிஜம் வேண்டுமென்றால் உள்ளே வர வேண்டும். உட்கார வேண்டும். தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். மழை, தக்காளி விலை, யாரோ பையனுக்குப் பெண் பார்க்கிற கதை எல்லாம் முடிய வேண்டும். அதற்கப்புறம், அவர் எழுந்திருக்கும்போது, ஒடம்புக்குத்தான் செரியில்லீங்க என்று மெதுவாக வரும்.

அந்த ஆய்வாளர் காரமடைக்காரர். நம் ஆள். வெளியூரிலிருந்து வந்தவர் தெரியாமல் கேட்டிருந்தால் நான் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். இவருக்குத் தெரியும். வாசலில் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் வாசலில் கேட்டார். அவரை அனுப்பியவர்களுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

எதிர் வீட்டு மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் அன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அவரும் கட்டிலில் கிடந்தபடியே நல்லாருக்கறோமுங்க என்று குரல் கொடுத்தாராம். அக்கா இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

இப்படியாக வீதி முழுக்க நலம். அதனால் காய்ச்சல் முகாம் இல்லை. ரத்தப் பரிசோதனை இல்லை. நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று பேப்பரில் வந்தது. கட்டுக்குள் இருந்தது எது, காய்ச்சலா, செய்தியா?

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. “சொரம் உட்டுருச்சு கண்ணு, நாளைக்கு வேலைக்குப் போயிருவேன்” என்றாய். ரசம் சோறு கேட்டாய். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிறபோதுதான் ஆபத்து தொடங்கும் என்று, பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், கை கால் சில்லிட்டால் அந்த நிமிஷமே ஓடி வர வேண்டுமாம். உனக்கு மூன்றும் இருந்தன. வெயில் ஏற ஏற உன் கை குளிர்ந்துகொண்டே வந்தது. காய்ச்சல் போய்விட்டது என்று நினைத்தோம். சந்தோஷப்பட்டோம், அம்மா.

ஒரு முகாம் நடந்திருந்தால். யாராவது ஒருவர் வீதி முனையில் மேஜை போட்டு உட்கார்ந்து இந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால்.

உன் காரியம் முடிந்த மறுநாள் சுகாதார ஆட்கள் வந்தார்கள். இந்தத் தடவை உள்ளே வந்தார்கள். சமையலறை தாண்டி, துணி துவைக்கிற இடம் வரைக்கும். நம் நீல டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, கொசுப்புழு இருக்கிறது, அபராதம் போட வேண்டியிருக்கும் என்றார்கள். குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. டிரம்மில் பிடித்து வைக்காமல் எதில் பிடித்து வைப்பது? மல்லிகா அக்கா வாசற்படியில் நின்று, “தெனமும் தண்ணி உடுங்க, டிரம்மை நாங்களே உங்க ஆபீசுல கொண்டாந்து குடுத்துடறோமுங்க, நீங்க பூச்செடி வெச்சுக்கலாம்” என்றாள். டார்ச் வைத்திருந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நீ அந்த டிரம்மை எத்தனை பத்திரமாகத் துணி கட்டி வைப்பாய். படுத்த பிறகுதான் அது திறந்து கிடந்தது.

பல்லடத்து மாமா போன் செய்தார். போன உசுரு திரும்பி வருமா கண்ணு, ஆபீசருங்களோட எதுக்கு மல்லுக்கட்டறே என்றார். பிறகு பேச்சை மாற்றித் தன் கோழிப்பண்ணைக்குப் போனார். போன வாரம் கொஞ்சம் கோழிகள் சுருண்டு விழுந்தனவாம். குஞ்சு கொடுத்த கம்பெனிக்குச் சொன்னதும் அன்று மத்தியானமே டாக்டர் வந்து, செத்ததை அறுத்துப் பார்த்து, மற்றதுகளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போனாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். 

“நீ அந்த ஆபீசுக்குப் போயிட்டு வா கண்ணு” என்றார்.

அதற்குள் திவ்யாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. மல்லிகா அக்காவின் மகள், உன் பச்சைப் புடவையைப் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கட்டிக்கொண்டு போனவள். அதே வீதியில் இன்னும் சிலருக்கு. உடனே முகாம் வேண்டும், எல்லாருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். அதைக் கேட்கத்தான் அந்தச் சுகாதார அதிகாரியிடம் போனேன்.

மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். முகாம் நடத்தப்படும் என்றார், மருந்து தெளிக்கப்படும் என்றார். கணக்கெடுப்பில் காய்ச்சல் என்று பதிவானால். அடுத்த கணக்கெடுப்பு அடுத்த மாதம். அவருடைய வாக்கியங்களில் ஆளே இல்லை, அம்மா. யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாக நடக்கிறது. அதில் நீ மட்டும் பெயரோடு செத்துப்போனாய்.

பிறகு, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்.

“உங்கம்மாவேதான் அம்மணி, நல்லாருக்கறோமுன்னு சொல்லியிருக்காங்க.”

உன் சாவுக்கு உன்னையே சாட்சியாகக் கூப்பிட்டார். டீ டம்ளரை மேஜையில் வைத்தேன். 

“எங்கம்மா உங்க ஆளுக்கு மரியாதை குடுத்தாங்க. அதை நீங்க காய்ச்சல் இல்லைன்னு எழுதிக்கிட்டீங்க. உங்க ஊட்டு வாசல்ல ஒருத்தர் வண்டில உக்காந்துக்கிட்டே கேட்டா நீங்க என்னங்க சொல்லுவீங்க?”

ஜன்னல் பக்கம் பார்த்தார்.  எங்களுக்கும் மேல இருந்து அழுத்தம் இருக்குதுங்க என்று முனகினார். அவருக்கும் வீட்டில் ஓர் அம்மா இருப்பாள். அந்த நினைப்பு என் கோபத்தைக் குறைக்கவில்லை. கூட்டியது.

அத்தனை கோபத்திலும் என்னங்க என்றுதான் கேட்டிருக்கிறேன் பார். உன் வளர்ப்பு. இந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதை விட்டுவிட்டுக் கத்தினால்தான் நம் சாவுகளை எண்ணுவார்களா? அப்படியென்றால், நாம் இழப்பது எதை?

தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திவ்யாவை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் விட்டதும் யாரும் சந்தோஷப்படவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கின. நேற்றிலிருந்து ஏறுகின்றன. மல்லிகா அக்கா இன்னும் அவள் கையை விடவில்லை.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். நீ எதனால் போனாய் என்பதை அவர்கள் வாயாலேயே நம் வீதியில் நின்று சொல்ல வைப்பேன். கேட்டவர், அப்படிக் கேட்கச் சொன்னவர், கட்டுக்குள் இருக்கிறது என்று அறிவித்தவர், ஒவ்வொருவரும் தன் பெயரோடு வந்து பதில் சொல்லட்டும். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்று காலை, வீதியில் காய்ச்சலோடு நடக்க முடிந்தவர்களை ஆட்டோக்களில் ஏற்றி அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அவர் அறைக்கு எதிரே இருந்த பெஞ்சுகளில் உட்கார வைத்தேன். ரத்தம் எடுக்க ஆள் வரும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

உன் புள்ள,
பிரியா