முத்தாலேயிடம் சொன்ன பொய்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? ஜாம்பியாவில் நான் நன்றாக இருக்கிறேன். சோளமாவுக் களி பழகிவிட்டது. போனில் பேசினால் பக்கத்தில் அப்பா இருப்பார், அதனால் இதை எழுதுகிறேன்.

இங்கே பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்தோடு உடல்நலமும் சொல்லித்தருகிறோம். நேற்று எங்கள் கோல்கீப்பர் முத்தாலே, விலக்கு நாள் என்று மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விளையாடினால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.

"உங்கம்மா விடுவாங்களா?" என்று கேட்டாள்.

"எங்கம்மாதான் தைரியம் சொல்லி அனுப்புவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

உடனே எழுந்து வந்தாள். ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மாவட்டப் போட்டி அன்று, "தீட்டோட எங்கடி கிளம்புற?" என்று நீ என் ஷூவை ஒளித்துவைத்தாய். நான் அழுதேனே தவிர, உனக்கு எதையும் விளக்கிச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத பிள்ளைகளிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறேன். உன்னிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே விமானம் ஏறிவிட்டேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப் பொடி கொடுத்தனுப்பு. போர்வை இருக்கிறது, இருந்தாலும் உன் பழைய புடவை ஒன்றும் வை.

தங்கச்சி அனுசுயாவுக்கு அடுத்த மாதம் திருச்சியில் மேட்ச்சாமே. அன்று அவளுக்கு விலக்காகவே இருந்தாலும், தொட்டியம் பஸ் ஸ்டாண்டு வரை நீயே கூடப் போய் ஏற்றிவிடு.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். அவள் ஷூ வாசலிலேயே இருக்கட்டும், அம்மா.

உன்
மலர்க்கொடி