காற்றுக் குழாய்

எல்க் ஓடை, ஐடஹோ

ரஸ்ஸல்,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். நேற்றுப் பள்ளிக்கூட ஹாலில் நடந்த கூட்டத்தில் நீ அதிகாரிகள் பக்கம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை.

ஓடையில் மோட்டார் வைத்துத் தங்கம் எடுக்கக் கூடாது என்று சட்டம் போடப் போகிறார்களாம். மீன் முட்டையெல்லாம் நாசமாகிறதாம். அங்கே பேசின அந்த அதிகாரி இந்த ஓடையில் ஒருநாளாவது கால் நனைத்திருப்பானா? முட்டையிடும் மாசங்களில் நாம் மோட்டாரைத் தொட்டதே கிடையாது. சரளையை உறிஞ்சிப் பின்னால் கொட்டினால், புழு தின்ன ட்ரவுட் மீன்கள் வரிசை கட்டி நிற்கும். அதில் குண்டு மீனுக்கு நீதானே 'மேயர்' என்று பேர் வைத்தாய்? "வேலை செய்யாமலே திங்கறான் பாருடா" என்று சிரித்தாயே! அதை எழுந்து சொல்ல உனக்கு என்ன கேடு?

தூண்டில்காரர்கள் ஓடையில் தொலைத்து, நம் மோட்டார் சரளையோடு உறிஞ்சியெடுத்த ஈயக் குண்டுகளை ஒரு வாளி நிறைய மேசைமேல் கொட்டினேன். "இதை இனிமே யார் எடுப்பா, நீங்களா?" என்று கேட்டேன். ஹாலே கைதட்டியது. நீ தரையைப் பார்த்தாய்.

வெளியே வந்ததும் உன் மனைவி டார்லா கேட்டாள்: "இந்தக் கத்து கத்துறீங்களே, இந்த வருஷம் எத்தனை நாள் ஓடையில இறங்கினீங்க?"

ஒருநாள்கூட இல்லை. சரளையை உறிஞ்ச நான் தண்ணீருக்கடியில் இருக்கும்போது, எனக்கு மூச்சு வரும் காற்றுக் குழாயை மேலே நின்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பதினெட்டு வருஷமாக அதை உன்னைத் தவிர யாரிடமும் நான் கொடுத்ததில்லை.

அவர்கள் சட்டம் அடுத்த வருஷம்தான் வரும். போன வருஷம் நீ கோபித்துக்கொண்டு போன அன்றைக்கே என் மோட்டார் நின்றுவிட்டது.

குழாயின் மறுமுனையிலிருந்து,
நான்