நானூறு துண்டு விமானம்

என்னங்க,

திருப்பத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறேன். சாமைச் சோறும் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. மேஜை முழுக்க உங்கள் பிளாஸ்டிக் விமானம் படுத்திருப்பதால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

முதல் முறையாக ஒட்டிப் பழக நாற்பது துண்டு விமானம் போதும் என்று கடையிலேயே சொன்னேன். "இன்னாடி, அதெல்லாம் பசங்க சமாச்சாரம்" என்று நானூறு துண்டுப் பெட்டியைத் தூக்கினீர்கள். ஒரு மாதமாகியும் வால்கூட ஒட்டவில்லை.

விமானத்தின் சக்கரத்தை நான் பெருக்கித் தள்ளிவிட்டதாகச் சொல்லி மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. துண்டுகளை என் புளி முறத்தில் கொட்டியது யார்? சக்கரம் புளியங்கொட்டைகளோடு கிடந்தது. உப்பு டப்பா மேல் வைத்திருக்கிறேன்.

ரேணுகா

பி.கு.: அலமாரி மேல் நிற்பது அந்த நாற்பது துண்டு விமானம். நானே வாங்கி ஒட்டியது. பெயின்ட் காயவில்லை, தொடாதீர்கள்.

இன்னொன்று: வால் ஒட்ட உதவி வேண்டுமென்றால் சாயங்காலம் நான் திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக்கு வந்து, வாயைத் திறந்து கேளுங்கள்.