காதுகுத்துக்குக் குறுக்கே வந்த நாய்

மட்டாஞ்சேரி

அன்புள்ள பிஜு மோனுக்கு, பெரியப்பா காளிமுத்து எழுதுவது. இங்கே என் முட்டிவலியைத் தவிர எல்லாரும் சுகம், அங்கே டொரன்டோவில் நீயும் உன் ராட்வைலர் நாய் புட்டுவும் சுகமாக இருக்க வேண்டும். இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப் தொடங்கிய அன்றைக்கே, இதில் ஒரு நாயால் சண்டை வரும் என்று உன் பெரியம்மாவிடம் சொன்னவன் நான், அவளுக்கு ஞாபகம் இல்லையாம், அது அவள் குறை.

நீ புட்டுவைக் கட்டிப்பிடித்துப் படம் போட்டாய். உன் அக்கா பிந்து, அந்த ஜாதி நாய் பிள்ளைகளைக் குதறிவிடும், அதை வளர்க்கிறவன் என் மகளைத் தொட வேண்டாம் என்று எழுதினாள். நீயும் சுள்ளிக்கல் தெருநாய்க்குச் சோறு போடுகிறவள் பேசாதே என்று பதில் போட்டுவிட்டு, குரூப்பை விட்டும் போய், அவள் மகளின் காதுகுத்துக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாய். தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? அவள் புருஷன் சந்தீப் மலையாளி, நம் வழக்கம் தெரியாதவன், "கசேரயில இருத்தினாப் போராதா" என்கிறான், மடிக்குப் பதில் நாற்காலி போதுமாம். நானே மடி கொடுக்கிறேன் என்று ஒத்திகைக்கு உட்கார்ந்தேன், பிள்ளை என் மீசையைப் பார்த்து வீடே அதிர அலறியது. புட்டுவைப் பார்த்துக்கூட அப்படி அலறியிருக்காது.

விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சுள்ளிக்கல்லில் பிந்து வீட்டுக்குப் போனேன். யூதர் தெருவான ஜூ டவுனில் நான் காவல் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்காரரின் ராட்வைலர் என்னைக் கண்டதும் இரண்டு காலில் நின்று சல்யூட் அடித்ததை எடுத்துச் சொன்னேன். "போன தடவ அது அல்சேஷன்னு சொன்னீங்களே பெரியப்பா" என்றாள். படித்த பெண்களிடம் இதுதான் தொல்லை. பிறகு கேட்டேன், கலூர் பஸ் ஸ்டாண்டில் எவளோ பர்ஸைக் காணோம் என்றதும், தமிழ்க்காரி என்பதால் பாண்டி என்று ஏளனமாகச் சொல்லி உன் பையைத்தானே முதலில் திறக்கச் சொன்னார்கள், அன்றைக்கு நீ போட்ட கூச்சலில் பஸ்ஸே கிளம்பவில்லையே, புட்டு பாவம், ஜாதியைச் சொல்லி அதையும் அப்படித்தானே பார்க்கிறாய், அது யாரைக் கடித்தது? அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். சாயா கொண்டுவந்து வைத்தாள், சர்க்கரை போட மறந்திருந்தாள். கொஞ்சம் கழித்து, "பிள்ளய நெனச்சு பயந்துட்டேன் பெரியப்பா, எழுதினது தப்புதான், அவன வரச் சொல்லுங்க" என்றாள்.

உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும், டிக்கெட்டை ரத்து செய்யாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். இன்னும் ஒன்று. அவள் உடனே இளகிவிடவில்லை. நீ எனக்குப் போன் செய்து தேம்பித் தேம்பி அழுதாய் என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாள். அதை மட்டும் நான் கூட்டிச் சொன்னேன். இன்று அவளே உன்னைக் கூப்பிடுவாள், கொஞ்சம் மூக்கடைத்த குரலில் பேசு.

உன் பெரியப்பா,
காளிமுத்து