இரண்டு தேதிக்குத் துண்டு

ஆகஸ்ட் 6, புதன்

எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். இரவு ஏஐ ஏஜென்ட் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க. ஆடி, கல்யாணமே கிடையாது. கல்யாண மண்டபங்களின் முன்பதிவைப் பார்த்துக்கொள்ள எங்கள் கம்பெனி செய்த ஏஐ-யை வெள்ளோட்டம் விட இதுதான் நேரம். மாமல்லபுரம் மண்டபத்தின் முன்பதிவுகளைப் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க, நான்கு கருவிகளும் அதன் கையில்.

ஒன்பது மணிக்கு மண்டப மேனேஜர் ஏழுமலை போனில்.

"இன்னா மேடம், உங்க மிசினு ஒரு தேதியத் தூக்கிடுச்சே?"

"ஒரே பொண்ணு பேர்ல ரெண்டு தேதி. தப்பா ரெண்டு தடவ ஏறிடுச்சுன்னு நினைச்சிருக்கும்."

"மாப்ள வூட்டு ஜோசியரு சொல்றவரிக்கும் ரெண்டு தேதிக்கும் துண்டு போட்டுத்தான் வப்பாங்க. ஊருக்கே தெரியும். அதுக்குத் தெரியாதா?"

பேக்கப்பிலிருந்து மீட்டேன். அதற்குள் வேறு யாரும் அந்தத் தேதியைக் கேட்கவில்லை. தப்பித்தோம்.

விக்னேஷ் (முதலாளி; என்னைவிடச் சின்னவன்): "அழிக்காதேன்னு அதுக்கு எழுதிக் குடுத்துடலாம்க்கா." சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் திறக்காதே என்பதா? நீக்கும் கருவியையே பிடுங்கிவிட்டேன்.

பால் வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெக்கை. இரண்டு முறை கரண்ட் போனது.

சோதித்துப் பார்க்க ஒரு பொய்ப் பதிவு தேவை; எங்கள் ஆபீசுக்கு மட்டும் தெரியும்படி 'டெஸ்ட்' என்று ஒரு குறிப்பு. தையில் இரண்டு தேதி. மணமகள்: மாலதி. என் பெயரேதான். மணமகன் கட்டத்தில் விரல் தானாக ரகுநாதன் என்று அடித்தது. போன ஞாயிறு கடற்கரையில் கேட்டார். "மாலதி, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என் நாற்பத்து நான்கு வயதில். யோசிக்கிறேன் என்றேன். அன்றிலிருந்து போனைக் கவிழ்த்தே வைக்கிறேன்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நீக்கத்தான் வழியில்லையே என்று, திருத்தும் கருவியால் இரண்டாம் தேதியில் எங்கள் பெயர்களை வெறுமையாக்கி வைத்திருக்கிறது. கெட்டிக்காரக் கழுதை. பொய்ப் பதிவுதானே, எனக்கு ஏன் இத்தனை கோபம்?

பிறகு பிடிபட்டது. திருத்தும் கருவியையே இரண்டாக வெட்டினேன். போன் நம்பர், எத்தனை பேருக்குச் சாப்பாடு: தானே மாற்றிக்கொள்ளட்டும். பெயர், தேதி: தொடக் கருவியே இல்லை. பதிலாகப் புதிது ஒன்று, மேனேஜரிடம் கேட்கும் கருவி. அழிந்த பெயர்களையும் திரும்ப ஏற்றினேன்.

மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே கிடந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலை செய்கிறது. வேலை செய்கிறது.

ஆடி வெள்ளி, அம்மன் கோயில் ஸ்பீக்கர் சத்தத்தில் ஏழுமலை சொன்னது பாதிதான் கேட்டது.

"மேடம், ஒரே பேர்ல ரெண்டு தேதி கீது, ரெண்டையும் வச்சிருக்கவான்னு கேக்குது. இப்பதான் அதுக்கு மருவாத தெரியுது. வைய்யின்னுட்டேன். ஆமா, யாரு அந்த மாலதி?"

"டெஸ்டுக்குப் போட்டதுங்க."

"அட போங்க மேடம். நான் பந்தல்காரன்கிட்ட சொல்லலாம்னு பாத்தேன்."

விக்னேஷ் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான். "செமக்கா. திங்கக்கிழமை எல்லா மண்டபத்துக்கும் இதையே போட்டுடலாம். டெஸ்ட் பதிவை மட்டும் எடுத்துடுங்க."

நீக்கும் கருவி இப்போது என் ஒருத்தியிடம்தான். எல்லோரும் போனபின் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மாலதி, ரகுநாதன். மாலதி, ரகுநாதன்.

'டெஸ்ட்' என்ற குறிப்பை மட்டும் எடுத்தேன். இரண்டு தேதியும் இருக்கின்றன.

மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை.